நண்டலாற்றுக்கு இப்பால்

கூச்சத்தை ஒரு சர்க்கார் எந்த அளவுகோலைக் கொண்டு அளக்கும் என்ற கேள்வி சில காலமாக என் மனத்தை விட்டு அகலாமல் இருக்கிறது. ஒரு ஜனசமூகத்தைப் பழங்குடி என்று ஏற்றுக்கொள்வதற்கு இந்திய அரசு இன்றளவும் கைக்கொண்டுவரும் லட்சணங்கள் ஐந்து. 1965-ஆம் ஆண்டில் பி. என். லோகூர் தலைமையில் அமைந்த குழு வகுத்துக் கொடுத்தவை அவை. ஆதிகால வாழ்க்கையின் அடையாளங்கள், தனித்த பண்பாடு, பூகோள ரீதியான ஒதுக்கம், பிற ஜனங்களோடு பழகுவதில் கூச்சம், பின்தங்கிய நிலை என்று அந்த ஐந்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். மற்ற நான்கைப் பற்றியும் வாதிக்க இடமிருக்கிறது. கூச்சத்தைப் பற்றியோ எனக்கு வாதமே எழவில்லை, ஒருவிதமான மனக்கலக்கந்தான் எழுகிறது. கூசுகிறவன் ஒருவன், அவன் யார் முன்னிலையில் கூசுகிறானோ அவன் ஒருவன் என்று இருவர் கூடினாலொழியக் கூச்சம் என்பது பிறப்பதில்லை. தாலுகாக் கச்சேரியின் தாழ்வாரத்தில், கேட்ட கேள்விக்குப் பதில் வராமல், பார்வையைத் தரையில் பதித்து நிற்கிற மனிதனிடத்தில் அதிகாரி காண்பது அந்த மனிதனுடைய பிறவிச் சுபாவத்தையா, அல்லது தலைமுறை தலைமுறையாகத் தம்மைப் போன்ற அதிகாரிகளின் முன் நின்று அவன் குடும்பம் அடைந்த அநுபவத்தையா என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? 1871-ஆம் ஆண்டில் வெள்ளையர் சர்க்கார் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்து, ஊர் ஊராகப் போய்ப் பிழைக்கிற எத்தனையோ கூட்டத்தாரைப் பிறப்பினாலேயே குற்றவாளிகள் என்று எழுதிவைத்தது. 1952-இல்தான் அது முற்றிலும் நீங்கியது. நான் வாழ்கிற காரைக்கால் பிரெஞ்சு நிலமாக இருந்தபடியால் அந்தச் சட்டம் சட்டமென்ற உருவத்தில் இங்கே செல்லுபடியானதில்லை. ஆனால் அது ஜனங்களின் மனத்தில் விதைத்த சந்தேகத்துக்கு எல்லைக்கல் தெரியுமா? கூடாரத்தோடு ஒரு கூட்டம் வந்து இறங்கினால் கொல்லைக் கதவைத் தாழிடுகிற வழக்கம் எல்லையான நண்டலாற்றுக்கு அப்பாலும் உண்டு, இப்பாலும் உண்டு. அப்படித் தாழிட்ட கதவுகளுக்கு முன்னால் நடந்து பழகியவர்களிடம் கூச்சம் இருக்கிறதா என்று பரிசீலிக்க நாமே பிற்பாடு ஆளனுப்புகிறோம் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

காரைக்காலில் வாழ்கிறவனுக்கு இந்தக் கலக்கம் இன்னும் ஒரு படி அதிகம். இங்கே மலை இல்லை. காடு என்று சொல்லத்தக்கதும் இல்லை. அரசலாறு கடலோடு கலக்கிற முகத்துவாரத்தில் கொஞ்சம் அலையாத்தி மரங்கள் சேற்றில் வேரூன்றி நிற்கின்றன, அவ்வளவே. சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தச் சிறு நிலத்தை நண்டலாறு, நாட்டாறு, நூலாறு, வாஞ்சியாறு, அரசலாறு, திருமலைராஜனாறு என்று காவேரியின் கிளைகள் கூறுகூறாக வகிர்ந்துகொண்டு ஓட, இரண்டு ஆற்றுக்கும் நடுவே கிடக்கிற ஒவ்வொரு சாண் நிலமும் வயலாகவோ மனைக்கட்டாகவோ கோயில் சொத்தாகவோ ஒரு பெயரின்மேல் பதிவாகியிருக்கிறது. வரப்புக்கு இந்தப் பக்கம் ஒருவர் பெயர், அந்தப் பக்கம் வேறொருவர் பெயர். இத்தகைய பூமியில் பூகோள ரீதியான ஒதுக்கத்துக்கு எங்கே போவது? சனிக்கிழமைகளில் திருநள்ளாற்றுக்கு வருகிற ஜனங்கள் நளதீர்த்தத்தில் நல்லெண்ணெய் தேய்த்துத் தலை முழுகி, ஈரம் சொட்டச் சொட்டக் கோயிலை நோக்கி நடக்கிற வழியில், எண்ணெய்ப் பிசுக்கேறிய தரையின் ஓரமாக ஒரு துணியை விரித்துப் பாசிமணியும் ஊசிமணியும் விற்கிற நரிக்குறவப் பெண்ணை ஒரு கணம் நின்று பார்த்தவர்களுக்கு, அந்த ஆயிரக்கணக்கான பேருக்குள்ளே அவளைப்போல் ஜனங்களின் மத்தியில் இருக்கிறவள் வேறொருத்தி இல்லை என்பது பிரத்தியட்சமாகத் தெரியும். ஆனாலும் யாராவது ஒருவர் காலால் தள்ளினால் அந்தத் துணி இரண்டு முழம் நகரும். இன்னொருவர் அதட்டினால் அது மதிலோரம் போகும். இந்தச் சமவெளியில் ஒதுக்கம் என்பது மைல் கணக்கில் இல்லை. தை மாசத்தில் அலங்கரித்த காளையோடு உறுமியை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வருகிற பூம்பூம் மாட்டுக்காரரைப் பழந்துணியும் படி நெல்லும் கொடுத்து அனுப்புகிற நம் வீடுகளில், அவர் எங்கேயிருந்து வந்தார், இரவு எங்கே படுப்பார் என்று கேட்டறிந்த வீடு எத்தனை இருக்கும்? டெல்டாக் கிராமத்துக்கு ஊர் என்று ஒன்று, சேரி என்று ஒன்று, கடலோரமானால் குப்பம் என்று ஒன்று உண்டு. அவற்றின் ஏற்பாட்டில் இருக்கிற அநீதி எவ்வளவு கொடியதானாலும், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் ஒரு குளமும் ஒரு சுடுகாடும் உண்டு. இம்மூன்றிலும் சேராத ஒரு குடும்பத்தில் ஒருவர் இறந்துபோனால், எங்கே புதைப்பது என்று யாரைக் கேட்பது என்பதே அவர்களுக்கு முதல் பிரச்சினை ஆகிவிடுகிறது. பூகோள ஒதுக்கம் என்று அந்தக் குழு எழுதியபோது இதை நினைத்திருக்குமா என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இதில் குழுவை மட்டும் குறை சொல்லுவதற்கில்லை. நம்முடைய பழைய திணை வகுப்பும் வேட்டுவனைக் குறிஞ்சிக்கும் எயினரைப் பாலைக்கும் உரியவராக்கிவிட்டு, மருதத்தை உழவருக்கும் ஊரனுக்கும் ஒப்படைத்துவிட்டது. நெல் விளைகிற நிலத்தில் வேட்டையாடிப் பிழைக்கிறவன் இருக்கலாம் என்ற நினைப்பே நமக்குள் வளராமற் போயிற்று. சிவன் கோயில் பிராகாரத்தில் அறுபத்துமூவர் வரிசையிலே வில்லோடு நிற்கிற கண்ணப்பரை நாம் கைகூப்பி வணங்குகிறோம். அவரையும் காளத்தி மலையிலிருந்து இறக்காமலேயே வணங்குகிறோம். எங்கள் ஊர்க் காரைக்கால் அம்மையாரோ வணிகர் மாளிகையை விட்டுப் போய், உடம்பின் அழகை வேண்டாமென்று உதறி, திருவாலங்காட்டில் பேய்களோடு பேயாய் இருந்தவர்; ஆனி மாசத்தில் மாங்கனி இறைத்து அவருக்கு விழா எடுக்கிறோம். அந்தத் திருவாலங்காடு இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. செங்கற்சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்த இருளர் குடும்பங்களைப் பல முறை அதிகாரிகள் போய் மீட்டுக் கொண்டுவந்ததும் அதே மாவட்டத்தில்தான். விஷயத்தை விட்டு விலகிப் போகிறேன் என்று தெரிகிறது. ஆனால் வீட்டை விட்டுப் போனவரைப் போற்றுகிற ஒரு சமூகம், வீடே கொடுக்கப்படாதவரை எப்படிப் பார்க்கிறது என்ற நினைப்பைத் தள்ளிவைக்க முடியவில்லை.

2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் அட்டவணைப் பழங்குடியினரின் தொகை பூஜ்யம். அதில் சேர்ந்த காரைக்கால் மாவட்டத்தின் ஜனத்தொகை இரண்டு லட்சத்துச் சொச்சம், அதிலும் பூஜ்யந்தான். அதிகாரிகள் வீடு வீடாகத் தேடிப்பார்த்து யாரும் இல்லை என்று கண்டதன் விளைவாக வந்த எண் அல்ல அது. அட்டவணை என்று ஒன்று இப்பிரதேசத்துக்குப் போடப்படவே இல்லையாதலால், எண்ணுகிறவன் கண்ணெதிரே ஒருவர் நின்றாலும் அந்தக் கட்டத்தில் எழுதுவதற்கு வழி இல்லாமற் போயிற்று. பிரதேசம் 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி நடைமுறையிலும், 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் தேதி சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தது. தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கான அட்டவணையை 1964-இல் ராஷ்டிரபதி வெளியிட்டார். பழங்குடி அட்டவணை வருவதற்கு அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. இடையில் புதுச்சேரி சர்க்கார் பின்தங்கிய பழங்குடியினர் என்று தானாக ஒரு வகுப்பை ஏற்படுத்தி, அதற்கு அரை சதவீத ஒதுக்கீடும் கொடுத்தது. டில்லியின் கணக்கில் அதற்கு மதிப்பு இல்லை. கடைசியில் 2016-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஆணை வந்தது. அதில் இருந்தது ஒரே ஒரு பெயர்: வில்லி, வேட்டைக்காரர் என்பாரையும் உட்கொண்ட இருளர். காட்டுநாயக்கர், மலைக்குறவர், எருகுலர், குருமன் என்று பிற பெயர்களையும் சேர்க்கவேண்டுமென்ற கோரிக்கை நெடுநாளாக இருந்தது, அவை இடம்பெறவில்லை.

இந்த இடத்தில் சட்டத்தின் அமைப்பைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். பார்க்கப் பார்க்க என் கலக்கம் வளர்ந்ததே தவிர அடங்கவில்லை. அரசியல் சாசனத்தின் 342-ஆம் ஷரத்துக்கு இரண்டு பகுதிகள். முதற்பகுதியின்படி ஒரு பிரதேசத்துக்குப் பழங்குடி அட்டவணை இன்னதென்று ராஷ்டிரபதி ஓர் அறிவிப்பினால் நிர்ணயிக்கலாம். அதற்குப் பாராளுமன்றம் கூடவேண்டியதில்லை, விவாதம் வேண்டியதில்லை. ஆனால் அப்படி ஒருமுறை நிர்ணயித்தாகிவிட்டால், பிறகு அதில் ஒரு பெயரைச் சேர்ப்பதற்கோ நீக்குவதற்கோ இரண்டாம் பகுதியின்படி பாராளுமன்றம் சட்டம் இயற்றினால்தான் உண்டு. ராஷ்டிரபதியின் பேனாவே பிற்பாடு அதைத் தொட முடியாது. மனம்போனபடி ஜாதிகளைச் சேர்ப்பதும் எடுப்பதுமாக ஆட்சியாளர் விளையாடக்கூடாது என்ற நல்ல நோக்கத்தோடு வைத்த பூட்டு அது. அதன் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் புதுச்சேரியைப் பொறுத்தமட்டில் என்ன நேர்ந்தது? 1962 முதல் 2016 வரை ஐம்பத்துநான்கு ஆண்டுக் காலம் கதவு சாத்தப்படாமலே இருந்தது. எத்தனை பெயரானாலும் ஒரே கையெழுத்தில் உள்ளே வந்திருக்கலாம். வந்தது ஒரு பெயர். அந்தப் பெயர் உள்ளே வந்த அதே கணத்தில் மற்ற எல்லோருக்கும் கதவு மூடிக்கொண்டது. இனி அவர்களில் ஒரு கூட்டத்தார் உள்ளே வரவேண்டுமானால், பிரதேச சர்க்கார் பரிந்துரை எழுதி, இந்தியப் பதிவாளர் நாயகம் அதை ஒப்புக்கொண்டு, பழங்குடியினருக்கான தேசிய ஆணையமும் ஒப்புக்கொண்டு, மந்திரிசபை தீர்மானித்து, மசோதாவாகி, இரண்டு சபைகளிலும் நிறைவேறவேண்டும். இருளருக்குக் கிடைத்தது அவர்களுக்கு நியாயமாக உரியது. அதற்காக மனமார மகிழ்கிறேன். அந்த மகிழ்ச்சியின் அடியிலேயே, பக்கத்துக் குடிசைக்காரனுக்கு அன்றைய தினம் ஏற்பட்ட நஷ்டமும் கிடக்கிறது என்பதை மறைத்துவைத்துக்கொண்டு எழுத எனக்கு இயலவில்லை.

ஒப்பிடுவதற்கு ஆற்றைத் தாண்டினால் போதும். வடக்கே பூவத்தைக் கடந்து நண்டலாற்றுப் பாலத்தில் ஏறி இறங்கினால் பொறையாறு, தரங்கம்பாடி. தெற்கே வாஞ்சூர் எல்லையைக் கடந்தால் நாகூர். நிலத்தின் நிறமோ பேச்சின் ஓசையோ அங்கே மாறிவிடுவதில்லை. 1739-இல் தஞ்சை மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் காரைக்காலைப் பெற்றார்கள். அன்றைய பேரத்தில் எந்தெந்தக் கிராமம் கைமாறிற்று, பின்னால் எவை சேர்ந்தன என்ற சங்கதிதான் இன்றைக்கும் எல்லையாக நிற்கிறது. மயிலாடுதுறைப் பக்கத்தில் பல்லவராயன்பேட்டையில் நரிக்குறவர் காலனி இருக்கிறது. அந்த ஜனங்களைத் தமிழ்நாட்டின் பழங்குடி அட்டவணையில் சேர்க்கலாம் என்று லோகூர் குழு 1965-லேயே பரிந்துரைத்தது, மசோதாக்கள் வந்தன, காலாவதியாயின, மறுபடி வந்தன. 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் நரிக்குறவர், குருவிக்காரர் என்ற பெயர்களைச் சேர்க்கும் சட்டம் நிறைவேறி, அடுத்த மாதம் நடைமுறைக்கு வந்தது. பரிந்துரைக்கும் சட்டத்துக்கும் இடையே ஐம்பத்தேழு ஆண்டுகள். பரிந்துரைத்த வருஷத்தில் பிறந்த குழந்தை தன் பேரப்பிள்ளைக்குத்தான் சாதிச் சான்றிதழ் வாங்கியிருக்கும். அது தமிழ்நாட்டு அட்டவணை. ஆற்றுக்கு இப்பால் அது செல்லாது. இப்பால் உள்ள 2016-ஆம் ஆண்டு ஆணையில் நரிக்குறவர் என்ற பெயர் கிடையாது. அண்ணன் பல்லவராயன்பேட்டையிலும் தம்பி காரைக்கால் ஓரத்திலும் கூடாரம் போட்டிருந்தால், ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவன் பழங்குடி, மற்றவன் அல்லன். ஐந்து லட்சணங்களும் இருவருக்கும் பொது; வாக்ரிபோலி என்ற தாய்மொழியும் பொது; வித்தியாசமெல்லாம் பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு ராஜாவுக்கும் ஒரு வியாபாரக் கம்பெனிக்கும் நடந்த கொடுக்கல் வாங்கலில் இருக்கிறது.

காகிதத்தின் மகிமையை அறிந்த ஊர் எங்கள் ஊர் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். 1962-இல் பிரதேசம் சட்டப்படி கைமாறியபோது, இங்கே பிறந்து இங்கே வாழ்ந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம் இருந்தது. பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்க விரும்புகிறவர் அதற்குள் எழுதிக் கொடுக்கலாம். அப்படிக் கையெழுத்துப் போட்ட பாட்டனாரின் பேரப்பிள்ளைகள் இன்று பாரீஸ் புறநகர்களில் இருக்கிறார்கள். போடாத பாட்டனாரின் பேரப்பிள்ளைகள், அன்றைக்கு ஏன் போடவில்லை என்று இன்றைக்கும் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். பிறப்பு, விவாகம், மரணம் மூன்றையும் பதிவேட்டில் ஏற்றுகிற பிரெஞ்சு வழக்கம் இங்கே வேரூன்றியது. கொள்ளுப்பாட்டியின் கலியாணப் பத்திரத்தை இரும்புப் பெட்டியில் பட்டுத் துணி சுற்றி வைத்திருக்கிற வீடுகள் உண்டு. ஒரு காகிதம் ஒரு குடும்பத்தின் விதியை மாற்றிவிடும் என்பது எங்களுக்குக் கண்கூடான உண்மை. ஆனால் அந்தக் காகிதத்துக்கும் சாதிச் சான்றிதழுக்கும் ஆழமான ஒரு பேதம் இருப்பதாக எனக்குப் படுகிறது. முதலாவதில் ஒரு மனிதர் தம்மை இன்னார் என்று தாமே சொன்னார். சர்க்கார் அதை எழுதிக்கொண்டது. இரண்டாவதில் ஒரு மனிதர் இன்னார் என்று சர்க்கார் தீர்மானிக்கிறது. அவர் அதை நிரூபித்துக் காட்டவேண்டும். எதைக்கொண்டு நிரூபிப்பது? தகப்பன் படித்த பள்ளிக்கூடத்துப் பதிவேடு, பாட்டன் பெயரில் இருந்த நிலப் பத்திரம், பழைய பிறப்புச் சான்று. பள்ளிக்கூடமும் நிலமும் பதிவேடும் இல்லாதிருந்ததுதானே அவர்களைப் பழங்குடி என்று சொல்லக் காரணம்? இல்லாதவர் என்பதற்குச் சான்றாக, இருந்திருக்கவேண்டிய பத்திரத்தைக் கேட்பது எந்த நியாயத்தில் சேரும்?

பத்திரம் இல்லாதபோது வேறொரு பரீட்சை வருகிறது. 1994-இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் போலிச் சான்றிதழ்களைத் தடுக்கும்பொருட்டு ஆய்வுக் குழுக்களை அமைக்கச் சொல்லி, அவை விசாரிக்கவேண்டியவற்றையும் சொன்னது: குலதெய்வம் எது, சடங்குகள் எவை, விவாகம் எப்படி நடக்கும், இறந்தவரை என்ன செய்வார்கள். கல்லூரிக்கு மனுப் போட்ட பதினெட்டு வயதுப் பெண் மேஜைக்கு முன் நின்று, தன் பாட்டியை எப்படிப் புதைத்தார்கள் என்று அந்நியருக்கு விவரிக்கவேண்டும். சொல்லுகிற விவரம் மானிடவியலாளர் யாரோ பல காலத்துக்கு முன் எழுதிவைத்த புஸ்தகத்தோடு பொருந்தினால் அவள் தன் பாட்டிக்குப் பேத்தி, பொருந்தாவிட்டால் இல்லை. அவள் சடங்குகளை மறந்திருக்கலாம். மறந்ததற்குக் காரணம் நாம் அவளை விடுதியில் சேர்த்துப் படிக்கவைத்ததாகவும் இருக்கலாம். இந்தப் பரீட்சை ஒன்றையே முடிந்த முடிவாகக் கொள்ளக்கூடாது, காலமும் கல்வியும் வழக்கங்களை மாற்றிவிடும் என்று 2023-ஆம் ஆண்டு மார்ச்சில் அதே நீதிமன்றம் தெளிவாக்கியது. படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் தீர்ப்பு தாலுகாக் கச்சேரிக்கு நடந்து வந்து சேர நெடுநாள் ஆகும் என்ற பயமும் கூடவே இருக்கிறது.

மறுபக்கத்து நியாயத்தையும் நான் எண்ணிப் பார்க்காமல் இல்லை. காட்டுநாயக்கர் என்றும் கொண்டாரெட்டி என்றும் பொய்ச் சான்றிதழ் வாங்கி உத்தியோகத்தில் ஏறியவர்களைப் பற்றிய வழக்குகள் தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் பல வருஷங்கள் நடந்தன. அங்கே பழங்குடிச் சான்றிதழ் கொடுக்கிற அதிகாரத்தைத் தாசில்தாரிடமிருந்து எடுத்துக் கோட்டாட்சியருக்கு மாற்றியதற்கும் இந்த மோசடிகளே காரணம். பொய்யன் ஒருவன் பறித்த இடம் உண்மையில் ஒரு ஏழைப் பிள்ளையினுடையது. ஆகவே சோதனை வேண்டாம் என்று யாராலும் சொல்லமுடியாது. ஆனால் சோதனையின் சுமை யார் தலையில் இறங்குகிறது என்று பார்த்தால், பொய்யனுக்கு வக்கீலும் பத்திரமும் இருக்கின்றன. அலைக்கழிக்கப்படுகிறவன் மெய்யனாகவே இருக்கிறான். பொய்யனுக்குக் கூச்சமும் கிடையாது.

இவற்றையெல்லாம்விட ஆழத்தில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது; அதுதான் இந்தக் கட்டுரையைப் பல நாள் எழுதவிடாமல் தடுத்தது. இவர்களைப் பட்டியலில் சேருங்கள் என்று நான் கேட்கிறபோது, இவர்கள் இப்படியே இருக்கட்டும் என்று என்னை அறியாமல் விரும்புகிறேனோ? சுதந்திரத்துக்கு முன்னிருந்தே இந்த விவாதம் உண்டு. மானிடவியலாளர் வெரியர் எல்வின் மத்திய இந்தியக் காடுகளில் வாழ்ந்து, பழங்குடிகளை வெளியாரின் கைபடாமல் காக்கவேண்டும் என்றார். சமூகவியலாளர் ஜி. எஸ். குர்யே, அவர்கள் பின்தங்கிய இந்துக்களேயன்றி வேறல்லர், கலந்துபோவதே கதி என்றார். நேரு எல்வினின் புஸ்தகத்துக்கு முகவுரை எழுதுகையில், அவர்கள் தங்கள் சுபாவத்தை ஒட்டியே வளரட்டும், வெளியிலிருந்து எதையும் திணிக்கவேண்டாம் என்ற கருத்தை ஐந்து கொள்கைகளாக வகுத்தார். மூவருடைய நோக்கமும் நல்லதே என்று கொள்வோம். மூவரும் காட்டையும் மலையையும் கண்முன் வைத்துக்கொண்டு பேசினார்கள். காவேரிப் படுகையில் பாசிமணி விற்கிறவளுக்கு ஒதுங்கிப்போகக் காடு இல்லை. கலந்துபோக ஊர் இடம் கொடுக்கவில்லை. அவளுக்கு எந்தக் கொள்கை பொருந்தும்? வனத்தில் வாழ்வோரின் உரிமைகளை அங்கீகரிக்க 2006-இல் வந்த சட்டம் எத்தனையோ மலைவாசிகளுக்கு நிலத்தின்மேல் பாத்தியதை தந்தது. வனமே இல்லாத காரைக்காலில் அதன் ஒரு வரியும் எவருக்கும் உதவாது. இலங்கையிலும் இதே கதைதான். வேடர் என்றால் கோடரியைத் தோளில் சாய்த்துக்கொண்டு தேனெடுக்கிற தம்பானை வேடரையே அரசும் எழுத்தாளரும் தேடிப் போகிறார்கள். வாகரைப் பக்கத்துக் கடலோரத்தில் தமிழ் பேசிக்கொண்டு மீன்பிடித்து வாழ்கிற வேடர்களை யாரும் அவ்வளவாகத் தேடுவதில்லை. 2007-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் சபை பூர்வகுடிகளின் உரிமைப் பிரகடனத்தை ஏற்றபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. அதேசமயம், இந்நாட்டு ஜனங்கள் அனைவருமே பூர்வகுடிகள்தாம் என்ற நிலையையும் நமது அரசு விட்டுக்கொடுத்ததில்லை. எல்லோரும் பூர்வகுடி என்றால் நரிக்குறவரும் எல்லோரில் ஒருவர். மற்ற எல்லோருக்கும் இருக்கிற மனைக்கட்டு அவருக்கு ஏன் இல்லை என்ற கேள்விக்கு அங்கேயும் பதில் இல்லை.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி கடல் எழுந்து வந்தபோது காரைக்கால் கரையில் நானூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். நாகப்பட்டினத்தில் ஆறாயிரத்துக்கு மேல். பிறகு நிவாரணம் வந்தது; உலகமெல்லாம் கொடுத்தது. நிவாரணம் வீட்டுக்கு வந்தது, படகுக்கு வந்தது, வலைக்கு வந்தது, ரேஷன் அட்டைக்கு வந்தது. வீடும் படகும் வலையும் அட்டையும் இல்லாதவர்கள் கடலால் எதையும் இழந்ததாக எழுத முடியவில்லை. நிவாரண வேலைக்காக நாகப்பட்டினத்துக்கு வந்த பிரேமா ரேவதி அந்தச் சமயத்தில் கையேந்தித் திரிந்த பூம்பூம் மாட்டுக்காரர் குழந்தைகளைக் கண்டு, அவர்களுக்கும் நரிக்குறவர் குழந்தைகளுக்குமாக வானவில் என்ற பள்ளியைத் தொடங்கினார். இன்றும் அது நடக்கிறது. அங்கே படித்த குழந்தைகளில் சிலர் கல்லூரிக்குப் போனார்கள். தங்களை ஆதியன் என்று சொல்லிக்கொள்ளும் அந்தச் சமூகத்துக்குச் சான்றிதழ் வாங்குவது என்னவோ படிப்பைக் காட்டிலும் கடினமான காரியமாக இருந்துவந்திருக்கிறது. என் சந்தேகத்துக்கு ஓரளவு பதில் எனக்கு அங்கேதான் கிடைத்தது. அங்கே படித்துச் சான்றிதழைக் கேட்கிற பெண்கள் பாட்டியைப் போலவே இருக்க அனுமதி கேட்கவில்லை. எதுவாக வேண்டுமானாலும் ஆவதற்கு, மற்றப் பிள்ளைகளுக்குக் கேளாமலே கிடைத்த ஒரு தரையைக் கேட்கிறார்கள். கூச்சத்தை இழந்தவள் பழங்குடி அல்லள் என்று சொல்லுகிற அளவுகோல் இருக்குமானால், மாற்றவேண்டியது அளவுகோலையே.

அடுத்த ஜனத்தொகைக் கணக்கு 2027-ஆம் ஆண்டு மார்ச் முதல் தேதியை ஆதாரமாகக் கொண்டு நடக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். இந்தத் தடவை எல்லா ஜாதிகளையும் எழுதப்போவதாகவும் சொல்லுகிறார்கள். சென்ற கணக்கில் வீடில்லாதவர்களைப் பிப்ரவரி 28-ஆம் தேதி இரவில், அவர்கள் படுத்திருக்கிற இடத்துக்கே போய் எண்ணினார்கள்: பஸ் நிலையம், ரயிலடி, கோயில் வாசல், பாலத்தடி. அந்தந்தப் பிரதேசத்து அட்டவணையில் உள்ள பெயர்களை மட்டுமே பழங்குடி என்ற கட்டத்தில் எழுதமுடியும் என்பது கணக்கெடுப்பின் விதி. ஆகவே வரப்போகிற கணக்கில் அப்படி எண்ணுகிற இரவில் ஒரு நரிக்குறவக் குடும்பம் பொறையாற்றில் தங்கியிருந்தால் அட்டவணைப் பழங்குடி என்று எண்ணப்படும். மறுநாள் திருநள்ளாற்றில் வியாபாரத்துக்கு இடம் பிடிக்கவேண்டுமென்று முந்தின மாலையே நண்டலாற்றுப் பாலத்தைக் கடந்து வந்துவிட்டால் அப்படி எண்ணப்படாது. புதுச்சேரி அரசு பரிந்துரையை எழுதி அனுப்பவேண்டும், பதிவாளர் நாயகம் பார்க்கவேண்டும், ஆணையம் பார்க்கவேண்டும், இரண்டு சபைகளும் நிறைவேற்றவேண்டும். தமிழ்நாட்டில் இதற்கு ஐம்பத்தேழு வருஷம் பிடித்தது.